ஒரே அறுவைச் சிகிச்சைக்கு மூன்று விலை: பணம் யாருக்குப் போகிறது?

கேள்வி

மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா அவர்களுக்கு வணக்கம். நான் சேலம் அம்மாபேட்டையில் வசிக்கிறேன். என் கணவர் பட்டுத் தறி நெய்பவர். ஏற்காடு நாகலூரில் இருக்கும் என் தாயாருக்கு வயது 66. அவருக்குப் பித்தப்பையில் கல் இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. சில மாதங்களுக்குள் மூன்று முறை கடுமையான வயிற்றுவலி வந்து, ஒரு முறை ஊசி போட்ட பிறகே அடங்கியது. சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை எடுத்துவிடலாம் என்றார்கள். ரொக்கமாகக் கட்டினால் 70,000 ரூபாய் ஆகும் என்றார்கள். ஓசூரில் வேலை செய்யும் என் தம்பியின் கம்பெனி இன்சூரன்ஸில் அம்மாவின் பெயரும் இருக்கிறது என்று சொன்னதும் 1,30,000 ரூபாய் ஆகும் என்றார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டியதும், அந்தத் திட்டத்தில் இந்த ஆபரேஷனை இங்கே செய்வதில்லை என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் ஒருவர்தான், ஆபரேஷனும் ஒன்றுதான். கூடுதலாக வாங்கும் பணமெல்லாம் டாக்டருக்கா போகிறது? இன்னொரு கேள்வி: என் மகள் எம்.பி.பி.எஸ். படித்து ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் முடித்துவிட்டாள். வேறொரு மருத்துவமனையில் டூட்டி டாக்டர் வேலைக்கு மாதம் 45,000 ரூபாயும், அவள் அட்மிஷன் போடும் ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாக ஒரு தொகையும் தருவதாகச் சொல்கிறார்கள். சேரலாமா?

வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்

சகோதரி அவர்களுக்கு வணக்கம்.

பண விஷயத்துக்குப் போகும் முன் உங்கள் தாயாரின் உடல்நிலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பித்தப்பையில் கல் இருந்தும் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்குப் பொதுவாக அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. வேறு எதற்காகவோ ஸ்கேன் எடுக்கப்போய்த் தற்செயலாகக் கல் தெரியவந்தால் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவோம். உங்கள் தாயாரின் நிலை அப்படிப்பட்டதில்லை. திரும்பத் திரும்ப வலி வருகிறது என்பதால், பித்தப்பையை எடுத்துவிடுங்கள் என்று அந்த மருத்துவர் சொன்னது சரியான ஆலோசனைதான். அங்கே சொன்ன விலையில் சந்தேகம் வந்துவிட்டது என்பதற்காக, சொன்ன வைத்தியத்தையும் சந்தேகப்பட்டு மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சல், கண்ணில் மஞ்சள், சில மணி நேரமாகியும் தணியாத வலி, இவற்றில் ஏதேனும் ஒன்று வந்தால் அது விலை விசாரிக்கும் நேரம் இல்லை. ஏற்காடு அரசு மருத்துவமனைக்கோ, 108 ஆம்புலன்சில் நேரே சேலத்துக்கோ உடனே அழைத்து வந்துவிட வேண்டும்.

நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தாலும் எனக்கு அவை ஒரே கேள்வியாகவே தெரிகின்றன. தாயாரின் சிகிச்சைக்கு ஏன் மூன்று விலை என்பதற்கும், மகளுக்குச் சம்பளத்தோடு ‘அட்மிஷனுக்கு இவ்வளவு’ என்று ஏன் சேர்த்துப் பேசுகிறார்கள் என்பதற்கும், மருத்துவமனைக்கு யார், எதைக் கணக்கிட்டு, எப்போது பணம் தருகிறார்கள் என்பதில்தான் விடை இருக்கிறது. அரசுப் பணியில் அறுவை மருத்துவனாகவும், பணி ஓய்வுக்குப் பிறகு தனியார் மருத்துவமனை நிர்வாகத்திலும் இருந்து இரண்டு பக்கத்துக் கணக்குகளையும் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுத் தறியையே எடுத்துக்கொள்வோம். புடவைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், நெய்பவர் மாதத்துக்கு ஒரு புடவையாவது கூடுதலாக இறக்கப் பார்ப்பார். மாதச் சம்பளம் என்றால் அந்த வேகம் இருக்காது. நூல், ஜரிகை, சாயம், ஆள்கூலி எல்லாவற்றையும் சேர்த்து இந்தத் தொகைக்குள் முடித்துக் கொடு என்று மொத்தமாகப் பேசினால், எந்தச் செலவைக் குறைக்கலாம் என்று யோசிப்பார். நெய்பவர் ஒருவர்தான், கூலி பேசும் முறை மாறினால் வேலையின் போக்கும் மாறிவிடுகிறது. மருத்துவத்திலும் இந்த மூன்று முறைகளும் உண்டு. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது: தனக்கு எத்தனை புடவை வேண்டும் என்பது புடவை வாங்குபவருக்குத் தெரியும். நோயாளிக்கோ எந்தப் பரிசோதனை வேண்டும், எத்தனை நாள் படுக்கை வேண்டும் என்பதை, அதற்காகப் பணம் வாங்கப்போகிறவரே சொல்ல வேண்டியிருக்கிறது. மற்றச் சந்தைகளுக்குப் பொருந்தும் விதிகள் மருத்துவத்துக்கு ஏன் அப்படியே பொருந்துவதில்லை என்பதை அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963ஆம் ஆண்டிலேயே விளக்கி எழுதினார். நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே இருக்கும் இந்த அறிவு ஏற்றத்தாழ்வுதான் அவருடைய வாதத்தின் மையம்.

இப்போது அந்த 70,000 ரூபாய்க்கு வருவோம். பித்தப்பை அறுவைச் சிகிச்சைக்கான பில்லைப் பிரித்துப் பார்த்தால் அறை வாடகை, செவிலியர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம், லேப்ராஸ்கோப்பிக் கருவிக்கான கட்டணம், வயிற்றுக்குள் செலுத்தும் வாயு, பித்தப்பையின் குழாயில் போடும் கிளிப், மயக்க மருந்துகள், மற்ற மருந்துகள், இரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி., எடுத்த பித்தப்பையை ஆய்வகத்துக்கு அனுப்பும் செலவு என்று வரிசையாக இருக்கும். இவற்றுக்கு நடுவில் ஒரு வரியாகத்தான் அறுவை மருத்துவரின் கட்டணம் வரும். மயக்க மருத்துவரின் கட்டணத்தை அதில் இத்தனை பங்கு என்று கணக்கிடுவது பரவலான வழக்கம். நான் பார்த்த பில்களில் அறுவை மருத்துவரின் பங்கு மொத்தத்தில் பாதியைத் தொட்டதில்லை. அதிலிருந்தும் மருத்துவமனை தன் பங்கை எடுத்துக்கொள்வது உண்டு. மிச்சத்தில் 10 சதவீத வரிப்பிடித்தம் போகக் கைக்கு வருவதே அவருடைய வருமானம்.

தனியார் மருத்துவமனையில் மருத்துவருக்குப் பணம் போகும் வழிகளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலருக்கு மாதச் சம்பளம். சிலர் வந்து அறுவை செய்துவிட்டு, செய்த கணக்குக்கு மட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள். இன்னும் சிலருக்கு ‘மினிமம் கியாரண்டி’ என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது: மாதம் குறைந்தது இவ்வளவு என்று மருத்துவமனை உறுதி கொடுக்கும், அவரால் வரும் வருவாய் அதைத் தாண்டினால் தாண்டியதில் பங்கு தரும், தாண்டாவிட்டால் சில மாதங்கள் பொறுத்துப் பார்த்து ஒப்பந்தத்தைத் திருத்தும். இந்தக் கடைசி ஏற்பாட்டைத்தான் நான் கவலையோடு பார்க்கிறேன். அதில் இருக்கும் ஒரு நல்ல மருத்துவர், மாதக் கடைசியில் எண்ணிக்கை குறைந்திருக்கும்போது, இரண்டு வாரம் மாத்திரையில் வைத்துப் பார்க்கலாமா, நாளையே அறுவை அரங்குக்குக் கொண்டுபோகலாமா என்று நோயாளியின் முன்னால் உட்கார்ந்து யோசிக்க நேர்ந்தால், அந்த யோசனைக்குள் நோயாளிக்குச் சம்பந்தமில்லாத ஒன்று நுழைந்துவிடுகிறது. அவர் அதற்கு இடம் கொடுக்காமல் இருக்கலாம். இடம் கொடுக்காதவர்கள் பலரை நான் அறிவேன். ஆனாலும் ஒரு தனிமனிதருடைய மன உறுதியின் மீது மட்டுமே ஒரு ஊரின் மருத்துவம் நிற்கக் கூடாது.

இன்சூரன்ஸ் என்றதும் விலை ஏன் ஏறுகிறது? சில காரணங்கள் நியாயமானவை. ரொக்கம் கட்டினால் வீட்டுக்குப் போகும்போதே கணக்கு முடிந்துவிடுகிறது. கேஷ்லெஸ், அதாவது நோயாளி கட்டாமல் இன்சூரன்ஸ் நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகத் தருவது என்றால், அந்த நிறுவனத்தின் சார்பில் கோப்புகளைப் பார்க்கும் டி.பி.ஏ. அலுவலகத்துக்கு முன்அனுமதிக் கடிதம் அனுப்பி, அவர்கள் கேட்கும் விளக்கங்களுக்கெல்லாம் பதில் எழுதி, பணம் வந்து சேரும்வரை மருத்துவமனை காத்திருக்க வேண்டும். கேட்ட தொகையில் வெட்டும் விழும். இந்த வேலைக்கென்றே தனியாக ஆட்களை வைத்திருக்கிறார்கள். ஆனால் 70,000 ரூபாய்க்கும் 1,30,000 ரூபாய்க்கும் உள்ள இடைவெளியை இந்தச் செலவுகள் மட்டும் விளக்கிவிடாது. மீதிக் காரணம் எளிமையானது: பணம் தருகிறவர் அந்த அறையில் இல்லை. நோயாளி தன் பையிலிருந்து தருவதில்லை என்பதால் பேரம் பேசுவதில்லை. மருத்துவருக்கும் கூடுதலாக ஒரு நாள் படுக்கையிலோ, கூடுதலாக ஒரு பரிசோதனையிலோ தயக்கம் வருவதில்லை. அப்படி ஏறிய தொகை அடுத்த ஆண்டு உங்கள் தம்பியின் கம்பெனி கட்டும் பிரீமியத்தில் வந்து நிற்கும், அல்லது பெற்றோருக்கான பாதுகாப்பு குறைக்கப்படும். எனவே ‘இன்சூரன்ஸ்தானே தருகிறது’ என்று விட்டுவிடக் கூடிய பணம் இல்லை அது.

இதில் உங்கள் கைக்காசு போகும் இடம் ஒன்று இருக்கிறது; பலரும் டிஸ்சார்ஜ் அன்றுதான் அதைத் தெரிந்துகொள்கிறார்கள். பல பாலிசிகளில் அறை வாடகைக்கு வரம்பு உண்டு. காப்பீட்டுத் தொகை 3,00,000 ரூபாய், அறை வாடகை வரம்பு அதில் 1 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 3,000 ரூபாய் வரை அனுமதி. அம்மா வசதியாக இருக்கட்டும் என்று 6,000 ரூபாய் அறையை எடுத்தால், கூடுதலான 3,000 ரூபாயை மட்டும் நாம் கட்டினால் போதும் என்று நினைப்போம். அப்படி நடக்காது. பெரும்பாலான மருத்துவமனைகளில் அறையின் தரத்தை வைத்தே அறுவை மருத்துவர் கட்டணமும் அறுவை அரங்கக் கட்டணமும் நிர்ணயிக்கப்படுகின்றன. ஆகவே நீங்கள் தகுதியான அறையைப்போல் இரண்டு மடங்கு வாடகையுள்ள அறையை எடுத்தால், அந்தக் கட்டணங்களிலும் பாதியைத்தான் இன்சூரன்ஸ் தரும். 30,000 ரூபாய் அறுவைக் கட்டணத்தில் 15,000 ரூபாய் உங்கள் தலையில் விழும். மருந்து, உடலுக்குள் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள், தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணம் ஆகியவற்றில் இப்படி விகிதம் போட்டு வெட்டக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி; வெட்டியிருந்தால் எழுதிக் கேளுங்கள். கம்பெனி பாலிசிகளில் பெற்றோரின் சிகிச்சைச் செலவில் ஒரு பங்கை ஊழியரே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையும் அடிக்கடி இருக்கும். 20 சதவீதம் என்று இருந்தால் 1,30,000 ரூபாயில் 26,000 ரூபாய் உங்கள் தம்பியுடையது. விலை எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவுக்கு அவருடைய பங்கும் ஏறும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை அவர்கள் ஏற்காததற்குக் காரணம் வேறு. 2009ஆம் ஆண்டு கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்துவரும் இதில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு அரசே பிரீமியம் கட்டுகிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5,00,000 ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. மருத்துவமனைக்குப் பணம் தரும் முறை ‘பேக்கேஜ்’. இன்ன சிகிச்சைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வரையறுத்த தொகைக்குள் படுக்கை, பரிசோதனை, மருந்து, அறுவை, உணவு எல்லாமே அடங்க வேண்டும். நோயாளியிடம் அதற்குமேல் வாங்கக் கூடாது. நெசவில் சொன்ன மொத்தப் பேச்சு இதுதான். தேவையில்லாத பரிசோதனைகளைச் சேர்ப்பதால் மருத்துவமனைக்கு எந்த லாபமும் இல்லாததால், செலவைக் கட்டுக்குள் வைப்பதில் இந்த முறைக்கு நிகரான வேறு முறை இல்லை என்பது என் கருத்து. இதன் குறையையும் சொல்ல வேண்டும். தொகை உண்மைச் செலவை எட்டாவிட்டால் தனியார் மருத்துவமனைகள் அந்தச் சிகிச்சையை மட்டும் விட்டுவிட்டு, கட்டுப்படியாகும் சிகிச்சைகளுக்கு மட்டும் திட்டத்தில் இணைந்திருக்கும். திட்டத்தில் ஒரு மருத்துவமனை சேர்க்கப்படும்போது எல்லாத் துறைகளுக்கும் சேர்க்கப்பட வேண்டும் என்பதில்லை. இன்ன துறைகளுக்கு என்றுதான் அனுமதி தரப்படுகிறது. ஆகவே ‘இங்கே செய்வதில்லை’ என்று உங்களிடம் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அந்தப் பதிலோடு உங்களை வாசலில் நிறுத்தியதுதான் எனக்கு வருத்தம். அதே அட்டை இந்தச் சேலத்திலேயே எங்கே செல்லும் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

பித்தப்பைச் சிகிச்சைக்கு அந்த அட்டையோடு நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1986இல் தொடங்கிய கல்லூரி அது. அறுவைச் சிகிச்சைத் துறை முழுமையாக இயங்குகிறது. அட்டையோ காப்பீடோ இல்லாவிட்டாலும் அங்கே சிகிச்சை உண்டு. அட்டை இருந்தால் காப்பீட்டுத் தொகை மருத்துவமனைக்கு வருகிறது. அதில் ஒரு பகுதி மருத்துவமனையின் தேவைகளுக்கும், ஒரு பகுதி சிகிச்சை அளித்த குழுவினருக்கு ஊக்கத்தொகையாகவும் போகிறது. எனவே அரசு மருத்துவமனையில் இலவசமாகத்தானே பார்க்கிறார்கள், அட்டை எதற்கு என்று வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அங்கே மருந்துக்கு உங்களிடம் பணம் கேட்கப்படுவதில்லை என்பதற்குப் பின்னாலும் ஒரு பணக் கணக்கு இருக்கிறது: 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுவதற்கும் தேவையான மருந்துகளை மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்குகிறது. மருந்து எழுதும் மருத்துவருக்கும் மருந்து விற்பவருக்கும் இடையே பணத் தொடர்பே இல்லாமல் செய்த ஏற்பாடு அது. தமிழ்நாட்டு மருத்துவத்தில் நான் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் விஷயங்களில் ஒன்று.

மேலே சொன்ன ஊக்கத்தொகையை விட்டுவிட்டால், அரசு மருத்துவருக்குக் கிடைப்பது மாதச் சம்பளம். பத்துப் பேருக்கு அறுவை செய்தாலும் ஒருவருக்குச் செய்தாலும் அது மாறாது. தேவையில்லாமல் கத்தி வைக்கும் தூண்டுதல் சம்பள முறையில் இல்லை. ஆனால் காத்திருப்பு உண்டு, வரிசை உண்டு, கூடுதலாக உழைப்பவரும் உழைக்காதவரும் ஒரே சம்பளம் வாங்கும் மனக்குறையும் உண்டு. ஊதிய உயர்வு கேட்டு 2019 அக்டோபர் இறுதியில் தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியது உங்களுக்கு நினைவிருக்கலாம். குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்றினால் உரிய ஊதியப் படிக்கு உயர்த்த வேண்டும் என்பது அவர்களுடைய முக்கியக் கோரிக்கை. பணி நேரத்துக்கு வெளியே தனியாகத் தொழில் செய்ய அரசு மருத்துவர்களுக்கு இங்கே அனுமதி இருக்கிறது. காலையில் அரசு மருத்துவமனையில் பார்த்த மருத்துவரே மாலையில் அழகாபுரத்திலோ ஐந்து ரோடு பக்கத்திலோ தன் கிளினிக்கில் இருப்பது இதனால்தான். சம்பளத்தை உயர்த்தாமலே சம்பளக் குறையை ஈடுகட்டும் வழியாக இது நின்றுவிட்டது. சுதந்திரத்துக்கு முன்பே, 1946இல் அறிக்கை தந்த, சர் ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான சுகாதாரக் குழு, அரசு மருத்துவர்கள் முழுநேரச் சம்பளத்தில் இருக்க வேண்டும், தனித்தொழில் கூடாது என்று பரிந்துரைத்தது. போதிய சம்பளத்தோடு அதை நடைமுறைப்படுத்தியிருக்க வேண்டும் என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன்.

உங்கள் தாயார் இருக்கும் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். செய்த சிகிச்சைக்குப் பணம் என்ற முறை மட்டுமே இருந்தால் ஏற்காட்டுக்கு எந்த நிபுணரும் போக மாட்டார். அங்கே மக்கள்தொகை குறைவு, கையில் காசு புழங்குவதும் குறைவு. காப்பித் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு மருத்துவ வசதி செய்து தருவது முதலாளியின் பொறுப்பு என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வைத்ததும், அரசு தன் சம்பளத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களை மலையில் நடத்துவதும், சந்தை போகாத இடத்துக்கு மருத்துவத்தைக் கொண்டுபோகத்தான். இன்னொரு கூலியும் உண்டு, அது ரூபாயில் வருவதில்லை: மலைப் பகுதிகளிலும் எளிதில் போக முடியாத பகுதிகளிலும் பணியாற்றும் அரசு மருத்துவருக்கு, மேற்படிப்புக்கான தேர்வில் ஆண்டுக்கு 10 சதவீதம், அதிகபட்சமாக 30 சதவீதம் வரை ஊக்க மதிப்பெண் சேர்க்க விதி இடம் தருகிறது. இளம் மருத்துவர்களைக் கொண்டை ஊசி வளைவுகள் ஏறவைப்பதில் சம்பளத்தைவிட இந்த மதிப்பெண்ணுக்குப் பலம் அதிகம் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பணம் தரும் முறை சிகிச்சையை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்கு நம் மாநிலத்தின் பிரசவக் கணக்கைவிட அழுத்தமான சான்று வேண்டியதில்லை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் 36 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் ஒரு மக்கள்தொகைக்குப் போதுமானது என்று நெடுங்காலமாகச் சொல்லிவருவது 10 முதல் 15 சதவீதம். கட்டணம் ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல நேரம் பார்த்துக் கேட்கும் குடும்பங்கள் உண்டு, வழக்குப் பயம் உண்டு, வலிக்குப் பயப்படும் பெண்கள் உண்டு. சம்பளத்தில் இருக்கும் அரசு மருத்துவமனையிலும் எண்ணிக்கை அதிகம்தான். ஆனால் ஒரே மாநிலத்துப் பெண்கள், ஒரே கல்லூரிகளில் படித்த மருத்துவர்கள் என்றிருக்கும்போது இவ்வளவு பெரிய வேறுபாட்டை உடற்கூறு விளக்காது.

வெளிநாடுகளும் இதே சிக்கலோடு போராடுகின்றன. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் திட்டம் 1983இல் செலவுக்குத் தக்கபடி பணம் தருவதை நிறுத்தி, நோயின் வகைக்கு இவ்வளவு என்று மாற்றியதும் நோயாளிகள் மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறைந்தன. முழுவதும் தேறுமுன் அனுப்புகிறார்களோ என்ற கவலையும் எழுந்தது. தாய்லாந்து 2002இல் எல்லோருக்கும் மருத்துவம் என்று தொடங்கியபோது, வெளிநோயாளிச் சிகிச்சைக்குத் தலைக்கு இவ்வளவு என்றும், உள்நோயாளிகளுக்கு மொத்த நிதி வரம்புக்குள் நோய் வகைப்படியும் பணம் தந்து செலவைக் கட்டுப்படுத்தியது. எந்த ஒரு முறையும் குறையில்லாததாக இல்லாததால் பெரும்பாலான நாடுகள் இவற்றைக் கலந்தே பயன்படுத்துகின்றன.

இனி உங்கள் தாயாருக்கு நான் சொல்லும் வழி. ரேஷன் அட்டை, ஆதார், காப்பீட்டு அட்டை, இதுவரை எடுத்த ஸ்கேன் அறிக்கை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சை வெளிநோயாளிப் பிரிவுக்குப் போங்கள். அங்கேயே காப்பீட்டுத் திட்ட அலுவலரைக் கண்டு அட்டை நடப்பில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் சிகிச்சைக்கு நகரில் வேறு எந்த மருத்துவமனைகள் திட்டத்தில் இருக்கின்றன என்பதையும் அவரே சொல்வார். சில வாரம் காத்திருக்கச் சொன்னால், வலி அடங்கியிருக்கும் நிலையில் எண்ணெய்ப் பதார்த்தங்களைக் குறைத்துக்கொண்டு காத்திருப்பதில் தவறில்லை. நான் முதலில் சொன்ன அறிகுறிகள் மட்டும் கவனத்தில் இருக்கட்டும்.

வேறு காரணங்களால் தனியார் மருத்துவமனைதான் என்று முடிவு செய்தால், தம்பியிடமிருந்து பாலிசி விவரத்தை வாங்கி அறை வாடகை வரம்பையும் ஊழியர் ஏற்க வேண்டிய பங்கையும் முதலில் படித்துவிடுங்கள். பிறகு ரொக்கத்துக்கு ஒன்றும் காப்பீட்டுக்கு ஒன்றுமாக இரண்டு மதிப்பீட்டையும் வரிவாரியாக எழுத்தில் கேளுங்கள். எந்த வரியில் தொகை மாறுகிறது என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். மருத்துவர் கட்டணம் மாறாமல் அறையும் அரங்கக் கட்டணமும் மட்டும் ஏறியிருந்தால், உங்கள் முதல் கேள்விக்கு அந்தத் தாளே பதில் சொல்லிவிடும். மருத்துவர் தம் கட்டணத்தை நோயாளிகள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பதும், கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும் என்பதும் மருத்துவ ஒழுக்க விதிகளில் உள்ளவை. ஆகவே கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் இன்சூரன்ஸ் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். அதற்குமேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால் அது நிறுவனத்தின் பொறுப்பு. நியாயமில்லாமல் தொகையை மறுத்தால் முதலில் நிறுவனத்திடம் புகார் எழுதி, அங்கே தீராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

உங்கள் மகளின் விஷயத்தில் என் பதில் தெளிவானது: சொல்லப்பட்டபடி அந்த வேலையில் சேர வேண்டாம். 45,000 ரூபாய் சம்பளத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அட்மிஷனுக்கு இவ்வளவு என்ற பகுதிதான் ஆட்சேபத்துக்குரியது. நோயாளியைச் சிகிச்சைக்குச் சேர்த்துவிடுவதற்கோ பரிந்துரைப்பதற்கோ பரிசும் கமிஷனும் போனஸும் கொடுப்பதையும் வாங்குவதையும் 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் தடை செய்கின்றன. 2023இல் வந்த புதிய விதிகள் நிறுத்திவைக்கப்பட்டுவிட்டதால் இன்றும் அந்த விதிகளே நடப்பில் இருக்கின்றன. புகார் என்று வந்தால் பதிவு எண்ணோடு மருத்துவ கவுன்சில் முன் நிற்கப்போவது உங்கள் மகள்; அந்த ஏற்பாட்டைச் சொன்ன மேலாளர் இல்லை. விதியை விடுங்கள், இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு எரிச்சலோடு வரும் ஒருவருக்கு இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, வாயுதான் என்று உறுதிசெய்து, மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் துணிவுதான் டூட்டி டாக்டராக இருக்கும் காலத்தில் ஒரு மருத்துவர் கற்க வேண்டிய முதல் பாடம். யாரைச் சேர்க்க வேண்டாம் என்று தெரிவதற்குத்தான் உண்மையில் அதிகப் படிப்பு வேண்டும். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் தன் வருமானம் குறைகிறது என்ற நிலையில் அந்தப் பாடத்தைக் கற்கத் தொடங்குவது இளம் வயதில் பெரிய சுமை.

அந்த மருத்துவமனை நல்லது, மூத்த மருத்துவர்களிடம் கற்றுக்கொள்ள முடியும் என்று அவர் நினைத்தால், அட்மிஷன் தொகையை நீக்கிவிட்டு அதற்கு ஈடாகச் சம்பளத்தைச் சற்று உயர்த்தித் தரும்படி எழுத்தில் கேட்கட்டும். வாரத்துக்கு எத்தனை இரவுப் பணி, எத்தனை மணி நேரம், விடுப்பு, பணியில் தவறு நேர்ந்தால் வழக்குச் செலவுக்கான தொழில் காப்பீட்டை யார் கட்டுவது என்பவற்றையும் நியமன ஆணையில் சேர்க்கச் சொல்லட்டும். ஒத்துக்கொள்ளும் மருத்துவமனைகள் இருக்கின்றன. ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த இடத்தின் வருமானம் எதை நம்பி நடக்கிறது என்பது சேருவதற்கு முன்பே தெரிந்துவிடும். கூடவே, அரசுப் பணிக்கு மருத்துவர்களைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அடுத்த அறிவிப்புக்கு இப்போதே தயாராகச் சொல்லுங்கள். உதவி அறுவை மருத்துவர் பணியின் தொடக்க அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய், அகவிலைப்படி தனி. அங்கிருந்து மேற்படிப்புக்குப் போக, மாநில இடங்களில் பணியில் இருக்கும் அரசு மருத்துவர்களுக்கான 50 சதவீத ஒதுக்கீடும் உண்டு. இளம் மருத்துவர்கள் பலர் இதை மெதுவான வழி என்று நினைத்து ஒதுக்குகிறார்கள். பாட்டி இருக்கும் மலையிலேயே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இடம் கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நியமன ஆணை எது வந்தாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்பினால் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.